உருளைக்கிழங்கு ஸ்டார்ச் கஞ்சி ஏன் இவ்ளோ தண்ணியா வருது? டேபிள்ல ஒண்ணு, எனக்கு ஒண்ணு

கஞ்சிக்கலயம்:

வணக்கம் மக்களே. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன், யாராவது கை குடுங்க. தலைப்பு சாதாரணம்தான், வேற வேற செடியில இருந்து வர்ற ஸ்டார்ச்சோட குணத்தை ஒப்பிடணும். உருளைக்கிழங்கு, மரவள்ளி, மக்காச்சோளம், அரிசி இந்த நாலையும் எடுத்தேன். மக்காச்சோளம் மட்டும் டப்பால வந்த லேப் கிரேடு, மத்த மூணும் நானே துருவி அரைச்சு துணியில வடிகட்டி, தண்ணி மாத்தி மாத்தி தெளிய வச்சு காய வச்சு எடுத்தது, அதுக்கே ஒரு மாசம் போயிடுச்சு.

ஒவ்வொண்ணுலயும் 5 கிராம் போட்டு மொத்தம் 100 கிராம் வர்ற மாதிரி தண்ணி ஊத்தி, ஸ்டிரர்ல கலக்கிக்கிட்டே 95 டிகிரிக்கு ஏத்தி, 20 நிமிஷம் அங்கயே வச்சுட்டு அப்புறம் ஸ்பிண்டில் விஸ்கோமீட்டர்ல (கஞ்சி எவ்ளோ கெட்டின்னு அளக்கிற மெஷின்) ரீடிங் எடுக்குறேன். புக்குல எல்லாம் உருளைதான் ராஜா. 5 சதவீத கஞ்சிக்கு உச்ச விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, பிராபெண்டர்ங்கிற மெஷினோட யூனிட்ல உருளை 3000 கிட்ட, மரவள்ளி 1000, மக்காச்சோளம் 600-ன்னு போட்டிருக்கு. என் மெஷின் வேற, யூனிட் வேற, அதனால அதே நம்பர் வராதுன்னு தெரியும், ஆனா வரிசையாவது அதே மாதிரி வரணும்ல? எனக்கு உருளையும் மரவள்ளியும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல நிக்குது. அரிசியைக் கஞ்சின்னே சொல்ல முடியாது, கலங்கின தண்ணி.

கைடு "ரிபீட் பண்ணு"ன்னு மட்டும் சொல்றார். மூணு தடவை பண்ணிட்டேன், அதே தப்பு அச்சு அசலா அப்படியே வருது. அமைலோஸ் அளவை வச்சு விளக்கிடலாம்னு பார்த்தா உருளை 20, மரவள்ளி 17, மக்காச்சோளம் 25-28, அதுலயும் தலையும் புரியல வாலும் புரியல.

டேட்டாமணி:

இதுல குழம்ப ஒண்ணுமே இல்ல ப்ரோ. ஸ்டார்ச்னா ரெண்டே ஆளுதான். அமைலோஸ் நேரா நீளமா போற சங்கிலி, அமைலோபெக்டின் கிளை கிளையா பிரியிற மரம். அமைலோஸ் கூடினா துகள் இறுகி இருக்கும், லேட்டா வேகும், கம்மியா உப்பும். அமைலோஸ் கம்மின்னா சீக்கிரம் வெந்து நல்லா உப்பி கெட்டியாகும். உருளைக்கும் மரவள்ளிக்கும் 3 சதவீதம்தானே வித்தியாசம், ரீடிங்கும் பக்கத்துல வருது. உன் ரிசல்ட் சரி, டேபிள்தான் பழசு.

வேதிவாத்தியார்:

// அமைலோஸ் கூடினா லேட்டா வேகும் //

மணி, பரீட்சையில எழுதினா மார்க் விழும், லேப்ல உதைக்கும். சாதா மக்காச்சோளம் 62-ல இருந்து 72 டிகிரிக்குள்ள ஜெலாட்டினைஸ் ஆகும், அதாவது துகள் வெந்து உப்பும். அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லாத வேக்ஸி மக்காச்சோளம் எத்தனைல ஆகும்னு நினைக்கிற? 63-72. அமைலோஸ் 28-ல இருந்து பூஜ்யத்துக்கு வந்தும் வெப்பநிலை அசையல. கோதுமையில மக்காச்சோளம் அளவுக்கே அமைலோஸ் இருக்கு, அது 52-லயே ஆரம்பிச்சு 63-ல முடிஞ்சிடும். நீ சொல்றது ஹை அமைலோஸ் மக்காச்சோளத்துக்குப் பொருந்தும், 50, 70 சதவீதம் போற ரகம், அது 100 டிகிரி தாண்டினாலும் முழுசா உடையாது, பிரஷர் குடுத்தாத்தான் வழிக்கு வரும். அந்த ஒரு உதாரணத்தைப் பார்த்துட்டு எல்லாத்துக்கும் கோடு போட்டா எப்படி.

கலயம் தம்பி, டேபிள் பழசுதான், ஆனா தப்பு இல்ல. நாலு விஷயம் சொல்லு. ஒண்ணு, 5 கிராம்னு சொன்னியே அது ஈரத்தோடயா, ஈரம் கழிச்சா? ரெண்டு, அந்த 20 நிமிஷமும் ஸ்டிரர் ஓடிக்கிட்டே இருந்துச்சா? மூணு, எந்தத் தண்ணி? நாலு, மைக்ராஸ்கோப்ல ஒரு தடவையாவது பார்த்தியா?

ஈரப்பதம்:

சார் முதல் கேள்வியே நம்ம ஏரியா, அதனால உள்ள வந்துட்டேன். காத்துல சும்மா வச்ச ஸ்டார்ச்சுக்குள்ள எவ்ளோ தண்ணி இருக்குங்கிறதே செடிக்குச் செடி மாறும். ரிலேட்டிவ் ஹியுமிடிட்டி, அதாவது காத்தோட ஈரப்பதம், 65 சதவீதம் கிட்ட இருந்தா தானிய ஸ்டார்ச் 13 சதவீதம் ஈரம் பிடிக்கும், உருளை 19. தொட்டுப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி பொல பொலன்னு காஞ்ச மாவாத்தான் தெரியும். அதாவது நீ 5 கிராம்னு போட்டதுல மக்காச்சோளம் நிஜமா 4.35, உருளை 4.05 கிராம்தான்.

ஏன் இப்படின்னா துகளுக்குள்ள அமைலோபெக்டின் கிளைகள் ரெண்டு ரெண்டா முறுக்கிக்கிட்டு படிகமா அடுக்கி இருக்கும்ல, அந்த அடுக்கு தானியத்துல ஏ டைப், உருளையில பி டைப். ஏ டைப் நெருக்கமான அடுக்கு, ஒரு யூனிட் செல்லுக்கு 4 தண்ணி மூலக்கூறுதான் இடம். பி டைப்ல நடுவுல ஒரு குழாய் மாதிரி காலி, அதுல 36 உட்கார்ந்திருக்கும். பருப்பு, பட்டாணி வகையறாவுல ரெண்டும் கலந்து சி டைப்னு சொல்லுவாங்க. எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுத்தா இது பளிச்சுனு தெரியும்.

கஞ்சிக்கலயம்:

வாத்தியார் சார், ரொம்ப நன்றி, பதில் சொல்றேன் திட்டாதீங்க.

ஈரம் பார்க்கல. ஸ்டிரர் 20 நிமிஷமும் ஓடுச்சு, அடிபிடிச்சிடும்னு கொஞ்சம் வேகமாவே வச்சிருந்தேன். தண்ணி லேப்ல குழாயில வர்ற போர் தண்ணிதான். டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒண்ணுதான் இருக்கு, அதை டைட்ரேஷனுக்குன்னு பூட்டி வச்சிருக்காங்க. மைக்ராஸ்கோப்ல பார்க்கல.

ராத்திரிலேப்:

போர் தண்ணின்னு படிச்ச உடனே சிரிச்சுட்டேன். கேஸ் முடிஞ்சது.

வேதிவாத்தியார்:

பாதி முடிஞ்சது.

தம்பி, உருளைக்கும் மத்த மூணுக்கும் பெரிய வித்தியாசம் அமைலோஸ்ல இல்ல, பாஸ்பேட்ல இருக்கு. உருளை ஸ்டார்ச்சோட அமைலோபெக்டின்ல பாஸ்பேட் குரூப் நேரடியா குளுக்கோஸோட எஸ்டரா ஒட்டி இருக்கும், பெரும்பாலும் 6-வது கார்பன்ல, கொஞ்சம் 3-வதுல. 200-ல இருந்து 400 குளுக்கோஸுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோ. பாஸ்பரஸ் கணக்குல வெறும் 0.08 சதவீதம் கிட்ட. இத்தனூண்டு என்ன பண்ணிடும்னு தோணும். ஆனா பாஸ்பேட்டுக்கு நெகட்டிவ் சார்ஜ். சூடு ஏறி படிகம் உடைஞ்ச உடனே பக்கத்து பக்கத்துல இருக்கிற கிளைகள் ஒண்ணை ஒண்ணு தள்ளி விடும், அந்த இடைவெளியில தண்ணி புகும். அதான் உருளைத் துகள் பலூன் மாதிரி ஊதுது. 95 டிகிரில மக்காச்சோளம் தன் எடையைப் போல 20-25 மடங்கு வரைக்கும் உப்பும், மரவள்ளி 70 கிட்ட, உருளை இது ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்டுட்டுப் போயிடும்.

இப்ப அதே தண்ணியில கால்சியம், மெக்னீசியம் இருந்தா? நேரா போய் அந்த பாஸ்பேட் மேல உட்காரும், ஒரு கால்சியம் ரெண்டு சார்ஜை அடக்கிடும். தள்ளுமுள்ளு நின்னுடும். உன் போர் தண்ணி கடினத்தண்ணின்னா (ஹீட்டர் காயில்ல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாரு) உருளைக்கஞ்சி விழுந்துடும், மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் பெருசா ஒண்ணும் ஆகாது, ஏன்னா அதுங்ககிட்ட விழறதுக்கு சார்ஜே கிடையாது. கோதுமையிலயும் பாஸ்பரஸ் 0.06 வரும், அதைப் பார்த்து ஏமாறாதே, அது ஸ்டார்ச்சோட ஒட்டினது இல்ல, பாஸ்போலிப்பிட், அதாவது கொழுப்பு. அது உப்ப விடாம கட்டிப் போடுற வேலையைத்தான் செய்யும். டேபிள்ல ஒரே எலிமென்ட், ஒரே காலம் (column), வேலை மட்டும் நேர் எதிர்.

டேட்டாமணி:

சரி சார், பாஸ்பேட் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா மரவள்ளிக்கு பாஸ்பேட்டும் இல்ல, அமைலோஸும் 17 இருக்கு, அது மட்டும் ஏன் மக்காச்சோளத்தை விட மூணு மடங்கு உப்புது?

வேதிவாத்தியார்:

நல்ல கேள்வி. மக்காச்சோள ஸ்டார்ச்சுல கொழுப்பு 0.6-0.8 சதவீதம், மரவள்ளியில 0.1 தான். அமைலோஸ் தண்ணியில சுருள் மாதிரி சுத்திக்கும், கொழுப்பு அமிலத்தோட வால் அந்தச் சுருளுக்குள்ள போய்ப் படுத்துக்கும். அந்த காம்ப்ளெக்ஸ் 95-100 டிகிரிக்கு மேல போனாத்தான் அவிழும், அதுவரைக்கும் துகளை உள்ள இருந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். மக்காச்சோளக் கஞ்சி பால் மாதிரி மங்கலா, மரவள்ளிக் கஞ்சி கண்ணாடியா இருக்கிறதுக்கும் இது ஒரு முக்கியமான காரணம். நீ சொன்ன அமைலோஸ் இங்க வேலை செய்யுது, ஆனா தனியா இல்ல, கொழுப்போட கூட்டு சேர்ந்து.

நெல்மணி:

அரிசி பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். நெல் தரம் பார்க்கிற லேப்ல பல வருஷமா குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்.

கலயம், நீ அரிசியில இருந்து எடுத்தது ஸ்டார்ச் இல்லப்பா, மாவு. கிழங்கு மாதிரி துருவி அலசினா அரிசியில வராது. அரிசித் துகள் 3-ல இருந்து 8 மைக்ரான், பொடிப்பொடியா பல கோணத்துல இருக்கும், பல துகள் சேர்ந்து ஒரு கட்டி, அந்தக் கட்டியைச் சுத்தி புரோட்டீன் சிமென்ட் பூசின மாதிரி. அந்த புரோட்டீன்ல பெரும்பங்கு குளூட்டெலின், வெறும் தண்ணியில கரையவே கரையாது, காரத்துலதான் கரையும். 0.2 சதவீதம் கிட்ட சோடியம் ஹைட்ராக்சைட்ல ஊற வச்சு, அரைச்சு, தண்ணி மாத்தி, கடைசியில நியூட்ரல் பண்ணணும். காரத்தைக் கூட்டிடாதே, ஸ்டார்ச்சே பச்சையில வெந்துடும்.

அடுத்தது, 5 சதவீதத்துல அரிசி எப்பவுமே தண்ணியாத்தான் நிக்கும். நாங்க ராபிட் விஸ்கோ அனலைசர்ல (சூடு ஏத்தி இறக்கிக்கிட்டே கெட்டித்தன்மையை வரையிற மெஷின்) போடும்போது 3 கிராம் மாவுக்கு 25 மில்லி தண்ணி, உன்னோடதை விட ரெண்டு மடங்கு கெட்டி. 50 டிகிரில ஆரம்பிச்சு 95 போய் கொஞ்சம் நின்னு திரும்ப 50 வந்துடும், எல்லாம் 13 நிமிஷத்துக்குள்ள. அந்த கர்வ்ல உச்சி எங்க, உச்சியில இருந்து எவ்ளோ சரியுது, ஆறும்போது எவ்ளோ திரும்ப ஏறுதுன்னு மூணையும் பார்த்தாத்தான் ஒரு ரகம் பிடிபடும். நீ 20 நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கிற. உருளையோட உச்சி நீ பார்க்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கும், ஊதின பலூனை ஸ்டிரர் போட்டுக் கிழிச்சிருக்கும்.

எனக்கு நிஜமாவே எரிச்சல் வர்ற விஷயம் ஒண்ணு. எல்லாரும் "அரிசி ஸ்டார்ச்"னு ஒரே காலம் போடுறீங்க. எந்த அரிசி? வேக்ஸி ரகம்னா அமைலோஸ் 0-2 சதவீதம், வெந்தா ஒட்டிக்கிட்டு பளபளன்னு இருக்கும். இன்னொரு ரகம் 25-க்கு மேல, உதிரி உதிரியா ஆறினா விறைச்சுக்கும். ரெண்டுமே அரிசி, ஒரே செடி, ஒரே பேரு. இதுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் இருக்கிறதை விடப் பெருசு.

டேட்டாமணி:

அக்கா, அப்ப அமைலோஸ் ஜாஸ்தியான அரிசிதான் லேட்டா வேகும்? இதாவது சரியா? 😅

நெல்மணி:

அதுவும் இல்ல தம்பி 😄 வேக்ஸி அரிசியிலயே 70 டிகிரிக்குக் கீழ ஜெலாட்டினைஸ் ஆகுற ரகமும் உண்டு, 74-க்கு மேல போற ரகமும் உண்டு. அமைலோஸை முடிவு பண்றது வேக்ஸி ஜீன், வெப்பநிலையைப் பெரும்பாலும் முடிவு பண்றது ஸ்டார்ச் சிந்தேஸ் 2ஏ-ன்னு வேற ஒரு ஜீன். அது அமைலோபெக்டின் கிளைகளோட நீளத்தை மாத்துது. 6-11 குளுக்கோஸ் நீளத்துல குட்டைக் கிளை நிறைய இருந்தா முறுக்கு சரியா விழாது, படிகம் பலவீனம், சீக்கிரம் உடையும். 12-24 நீளம் நிறைய இருந்தா கெட்டி.

மெஷின் இல்லாமயே இதை நீங்க பார்க்கலாம். ஆறு முழு அரிசியை ஒரு தட்டுல தள்ளித் தள்ளி வச்சு 1.7 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைட் ஊத்தி மூடி, 30 டிகிரில 23 மணி நேரம் வச்சிடணும். மறுநாள் திறந்தா சில ரகம் போட்டது போட்ட மாதிரி சும்மா வெள்ளையா படுத்திருக்கும், அது ஸ்கோர் 1 அல்லது 2, வெப்பநிலை அதிகம். சில ரகம் ஓரத்துல வெடிச்சு பஞ்சு மாதிரி விரிஞ்சிருக்கும். இன்னும் சிலது கரைஞ்சு காலியாகி அரிசி இருந்த இடத்துல ஒரு மங்கின கறை மட்டும் இருக்கும், அது 7. எத்தனை தடவை பார்த்தாலும் காலையில அந்த மூடியைத் திறக்கும்போது ஒரு ஆர்வம் இருக்கத்தான் செய்யுது.

பட்டாணிச்சுருக்கம்:

இழையோட ஓரமா ஒரு விஷயம். மெண்டல் 1866-ல எழுதின பேப்பர்ல உருண்டைப் பட்டாணி, சுருங்கின பட்டாணின்னு எல்லாரும் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோமே, அந்த சுருக்கமே ஸ்டார்ச் விவகாரம்தான். ஸ்டார்ச்சுக்குக் கிளை போடுற என்சைமோட ஜீனுக்குள்ள 800 எழுத்து கிட்ட ஒரு அந்நியத் துண்டு புகுந்து கெடுத்திருக்கு, இதை 1990-ல கண்டுபிடிச்சாங்க. கிளை போட ஆள் இல்லாததால அமைலோபெக்டின் குறைஞ்சு போச்சு, மொத்த ஸ்டார்ச்சும் குறைஞ்சு சர்க்கரை தேங்கிடுச்சு, சர்க்கரை தண்ணியை இழுத்து விதை ஊதிடுச்சு, காயும்போது அந்தத் தண்ணி போயி தோல் சுருங்கிடுச்சு. உருண்டைப் பட்டாணி ஸ்டார்ச்சுல அமைலோஸ் 35-க்குள்ள, சுருங்கினதுல 60-க்கு மேல. டீச்சர் இதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே பயாலஜி எடுத்திருப்பேன்.

மைக்ரான்மாமா:

நாலாவது கேள்வியை எல்லாரும் விட்டுட்டீங்க. தம்பி, மைக்ராஸ்கோப்தான் மலிவான மருத்துவம். ஒரு துளி தண்ணியில ஒரு சிட்டிகை ஸ்டார்ச், கண்ணாடி மேல வச்சு 400 மடங்குல பாரு. முடிஞ்சா மேலயும் கீழயும் போலரைசர் (ஒரே திசை வெளிச்சத்தை மட்டும் விடுற ஃபிலிம்) ஒண்ணு ஒண்ணு குறுக்கால வை, பழைய கால்குலேட்டர் டிஸ்பிளே மேல ஒட்டியிருக்கிற ஃபிலிம் கூட போதும். பார்த்துட்டு வந்து என்ன தெரிஞ்சதுன்னு எழுது, நாங்க சொல்றதை விட அது ஒட்டும்.

இன்னொண்ணு, ஆரோரூட்னு வாங்கிட்டு வந்து டெஸ்ட் பண்றவங்களுக்கு. அந்தப் பேர்ல குறைஞ்சது மூணு செடியோட ஸ்டார்ச் ஓடுது, மராண்டா, கல்வாழை, குர்குமா இனத்துக் கிழங்கு. போதாததுக்கு மரவள்ளியையும் அதுல கலந்துடுவாங்க. கல்வாழைத் துகள் தெரிஞ்சதுலயே ரொம்ப பெரிய ரகம், 100 மைக்ரானைத் தொடும், ஒரு பார்வையில பிடிச்சிடலாம். லேபிளை நம்பாதே, லென்ஸை நம்பு.

கஞ்சிக்கலயம்:

மாமா, ரெண்டு நாள் அதே வேலையா இருந்தேன். இவ்ளோ அழகா இருக்கும்னு யாருமே சொல்லலையே!

உருளை: பெரிய பெரிய முட்டை, சிப்பி மாதிரி வளையம் வளையமா கோடு, அந்த வளையத்தோட மையம் நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கு. போலரைசர் வச்சா ஒவ்வொரு முட்டையும் வெள்ளையா எரியுது, அதுக்குள்ள கறுப்புல ஒரு பெருக்கல் குறி, அதுவும் ஓரத்துல இருந்துதான் கிளம்புது. மரவள்ளி: அடியில ஒரு பக்கம் சீவி விட்ட உருண்டை மாதிரி. மக்காச்சோளம்: கல்லு உடைச்ச மாதிரி கோணம் கோணமா, ஏறக்குறைய ஒரே சைஸ். அரிசி: ஒண்ணுமே பிரிஞ்சு தெரியல, கட்டி கட்டியா, நெல்மணி அக்கா சொன்ன சிமென்ட் இதுதான் போல.

அப்புறம் கஞ்சியையும் பார்த்தேன், உருளைக்கஞ்சி 20 நிமிஷம் கலக்கினது. முழுத் துகள் ஒண்ணு கூட இல்ல, கசங்கின பாலிதீன் மாதிரி கிழிசல்தான் கிடக்கு. மக்காச்சோளக் கஞ்சியில துகள் உப்பி சுருங்கி இருந்தாலும் இன்னும் தனித்தனியா அடையாளம் தெரியுது. அக்கா சொன்னது கண்ணு முன்னாடி.

கெஞ்சிக் கூத்தாடி டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி, ஈரம் கழிச்சு 5 கிராம் கணக்கு போட்டு, மெதுவா கலக்கி, 95 தொட்ட உடனே ரீடிங் எடுத்தேன். உருளை ஏறிடுச்சு! ஆனா மரவள்ளியை விட ஒண்ணரை மடங்குதான். டேபிள்ல மூணு மடங்கு. இன்னும் எங்கயோ ஓட்டை இருக்கு.

டேட்டாமணி:

டேபிள் பழசுன்னு நான் அன்னைக்கே சொன்னேன் 😏

ராத்திரிலேப்:

மணி நீ சும்மா இரு.

கலயம், ஒரு சந்தேகம். இப்ப கஞ்சி காய்ச்சினது டிஸ்டில்ட் வாட்டர். ஸ்டார்ச்சை கிழங்குல இருந்து அலசி எடுத்தது எந்தத் தண்ணியில?

கஞ்சிக்கலயம்:

போர் தண்ணி. 😐 அஞ்சு தடவை மாத்தி மாத்தி அலசினேன்.

வேதிவாத்தியார்:

சபாஷ் ராத்திரி, இதைத்தான் பாதி முடிஞ்சதுன்னு சொன்னேன், எனக்கு முன்னாடி நீ பிடிச்சுட்டே.

உருளை ஸ்டார்ச் ஒரு அயான் எக்ஸ்சேஞ்ச் ரெசின் மாதிரிதான் நடந்துக்கும். பாஸ்பேட்டோட எந்த உலோகம் ஜோடி போட்டிருக்குங்கிறது கடைசியா அது எதுல குளிச்சதுன்னு பொறுத்தது. கிழங்குல இருக்கும்போது பெரும்பாலும் பொட்டாசியம். நீ கடினத்தண்ணியில அஞ்சு தடவை அலசினதுல எல்லாத்தையும் விரட்டிட்டு கால்சியம் உட்கார்ந்திருக்கும். இப்ப டிஸ்டில்ட் வாட்டர்ல போட்டா, வெளியில கால்சியம் இல்ல சரி, உள்ள உட்கார்ந்திருக்கிறது எந்திரிச்சுப் போகுமா? போகாது, அதுக்குப் பதிலா இன்னொருத்தன் வரணும். சாதா உப்பு, சோடியம் குளோரைடு, 1 சதவீதக் கரைசல்ல பச்சை ஸ்டார்ச்சை ஒரு அரை மணி கலக்கு, தெளிய விடு, ஊத்து, இதே மாதிரி ரெண்டு மூணு தடவை. அப்புறம் உப்பு முழுசா போற வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர்ல அலசு. சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டா வெளுக்கக் கூடாது, அதுவரைக்கும். உப்பு மிச்சம் இருந்துச்சுன்னா அதுவே விஸ்காசிட்டியைக் கவுத்துடும், சோடியமும் அளவுக்கு மேல போனா சார்ஜை மறைக்கத்தான் செய்யும்.

ஈரப்பதம்:

கழுவினதுக்கு அப்புறம் காய வைக்கும்போது 40 டிகிரிக்கு மேல போகாதே. ஈரமா இருக்கும்போது சூடு ஏறினா துகளுக்குள்ள அடுக்கு மாறிடும், ஹீட் மாய்ஸ்ச்சர் ட்ரீட்மென்ட்னு வேணும்னே பண்ணுவாங்க அதை, உப்புறது குறைஞ்சு போகும். இன்னொரு ஓட்டையை நீயே போட்டுடாதே.

கஞ்சிக்கலயம்:

சரி அண்ணா. நடுவுல இன்னொரு கேள்வி, எல்லாக் கஞ்சியையும் ராத்திரி ஃப்ரிட்ஜ்ல மூடி வச்சிருந்தேன். காலையில மக்காச்சோளம் கட்டியா உறைஞ்சு ஓரத்துல விரிசல் விட்டு மேல தண்ணி தேங்கி நிக்குது. மரவள்ளி இன்னும் இழுத்தா நூல் மாதிரி வருது, கொஞ்சம் மங்கியிருக்கு அவ்வளவுதான். இது ஏன்?

நெல்மணி:

ரெட்ரோகிரடேஷன். வெந்தப்போ வெளிய வந்த அமைலோஸ் நேர் சங்கிலி, ஆற ஆற ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சில மணி நேரத்துலயே வலை பின்னிடும், இறுகும்போது தண்ணியைப் பிழிஞ்சு வெளிய தள்ளிடும். அமைலோபெக்டினும் திரும்ப அடுக்கும், ஆனா நாள் கணக்கு, வாரக் கணக்கு. இது 4 டிகிரி கிட்டத்தான் ரொம்ப வேகமா நடக்கும், அதாவது சரியா ஃப்ரிட்ஜ் சூடு. பிரெட் வெளியில இருந்ததை விட ஃப்ரிட்ஜ்ல சீக்கிரம் விறைக்கிறதும் இதே கதைதான். ஃப்ரீசர்ல வச்சா நின்னுடும்.

மரவள்ளிக்கு அமைலோஸ் கம்மி, அதோட சங்கிலியும் ரொம்ப நீளம், நீளமானது அவ்ளோ சுலபமா வரிசை கட்டாது. அமைலோஸே இல்லாத மரவள்ளியும் இருக்கு, 2007-ல கொலம்பியாவுல சியாட்ங்கிற (CIAT) பயிர் ஆராய்ச்சி மையத்து ஆளுங்க இயற்கையா வந்த ஒரு மியூட்டன்ட்டை வெளியிட்டாங்க.

பட்டாணிச்சுருக்கம்:

இதுல ஒரு சரித்திரமும் இருக்கு. வேக்ஸி மக்காச்சோளம் 1908-ல சீனாவுல இருந்து அமெரிக்காவுக்கு விதையா போச்சு, ரொம்ப வருஷம் ஜெனிடிக்ஸ் ஆளுங்களோட விளையாட்டுப் பொருளாத்தான் இருந்துச்சு. ஏன்னா பொலன்ல (மகரந்தம்) அயோடின் தடவினா சாதா ஜீன் இருக்கிறது நீலமா, வேக்ஸி ஜீன் இருக்கிறது செம்பழுப்பா மாறும், கலப்புச் செடியில பாதிக்குப் பாதி எண்ணிடலாம், மெண்டல் விதியைக் கண்ணால பார்க்கிற மாதிரி. அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல ஜாவாவுல இருந்து மரவள்ளி ஸ்டார்ச் வரத்து நின்னு போச்சு, அந்த நூல் மாதிரி இழுபடுற கஞ்சிக்கு மாத்து தேடி அலைஞ்சப்போ இது ஞாபகம் வந்து 1942 வாக்குல வயலுக்கு இறக்கினாங்க. கிழங்கோட வேலையை தானியம் செய்ய ஆரம்பிச்சது அப்படித்தான்.

கஞ்சிக்கலயம்:

மக்களே வந்துட்டேன், எட்டு நாள் ஆச்சு.

உப்புத் தண்ணியில மூணு தடவை, டிஸ்டில்ட்ல ஏழு தடவை (சில்வர் நைட்ரேட் ஏழாவது தடவைதான் வெளுக்காம விட்டுச்சு), ஃபேன் காத்துல காய வச்சு ஈரம் பார்த்தேன், 17 வந்துச்சு. கஞ்சி காய்ச்சும்போது 65 டிகிரி தாண்டினதும் ஸ்டிரரோட சத்தமே மாறிடுச்சு, திணறுது. ஸ்பிண்டிலை அடுத்த நம்பருக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. ரீடிங் மரவள்ளியைப் போல மூணு மடங்குக்கு ஒரு இழை கம்மி. டேபிளைத் திட்டினதுக்கு டேபிள்கிட்ட மன்னிப்பு.

நம்ப முடியாம இன்னொண்ணும் பண்ணேன். அந்தக் கெட்டிக் கஞ்சியில ஒரு கப் எடுத்து கால்சியம் குளோரைடு கரைசல் சொட்டு சொட்டா விட்டேன். மூணாவது சொட்டுலயே கண்ணெதிர்ல இளகி, சாய்ச்சா வழியிற பதத்துக்கு வந்துடுச்சு. அதே அளவு மரவள்ளிக் கஞ்சியில விட்டேன், அது கண்டுக்கவே இல்ல. இதை வீடியோ எடுத்து கைடுகிட்ட காட்டினேன், ரெண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். அரிசியை காரத்துல எடுக்கிறது அடுத்த வாரம், எந்த ரகம்னு இந்தத் தடவை விசாரிச்சு எழுதி வச்சிருக்கேன் அக்கா.

ரிசல்ட் டேபிள்ல செடி பேருக்குப் பக்கத்துல "அலசிய தண்ணீர்", "காய்ச்சிய தண்ணீர்"னு ரெண்டு காலம் புதுசா போட்டாச்சு. கைடு எதுக்குடா இதெல்லாம்னு கேட்கல.

டேட்டாமணி:

நீளத்துக்கு அகலம் ஜாஸ்தியாயிடும் போலயே டேபிள்.

ஈரப்பதம்:

ரெண்டு காலம் போட்டே, ஈரத்துக்கு ஒரு காலம் எங்க?